இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பெண்களுக்கு இருப்பதுபோல் மார்பு பருத்திருந்ததால், படிக்கிற காலத்திலிருந்தே கேலிக்குப் பயந்து, தொளதொளத்த சட்டைக்குள் கூனிக்கொண்டு வாழ்ந்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அறுவை சிகிச்சைக்குத் துணிந்தார். விளம்பரத்தில் பார்த்த அழகு சிகிச்சை மையம் அது. சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் சிரித்த முக டாக்டர்.

மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. அந்த டாக்டர் என்ன படித்தவர் என்று கேட்டாள். டாக்டருக்குத்தான் என்றார் மாஸ்டர்.

"பைக் லைசென்ஸ் வச்சிருக்கவனை லாரி ஓட்ட விடுவீங்களா? உங்க உடம்புன்னா மட்டும் எவன் வேணா ஓட்டலாமா?"

அதற்கும் சிரித்து மழுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார்.

இப்போது ஆபரேஷன் மேசையில், இடுப்பில் பச்சைத் துணியோடு. நெஞ்சில் டாக்டர் பேனாவால் போட்டுவிட்டுப் போன வட்டங்கள். ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ்கள். பொழுது போகாமல் படித்தார். ஒன்று பொது மருத்துவப் பட்டம். மற்றவை லேசர், முகப்பொலிவு, முடி நடுதல். எல்லாம் சில நாள் பயிற்சி. அறுவை சிகிச்சையில் பட்டம் ஏதாவது உண்டா என்று தேடினார். இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தேடினார்.

நர்ஸ் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மயக்க மருந்து கொடுக்க வேறு டாக்டர் வருவாரா என்று கேட்டார்.

"நம்ம டாக்டரே போட்டுடுவார் சார்."

"அவர் அறுக்கறப்போ என் மூச்சை யாரும்மா பாத்துக்குவாங்க?"

"நான்தான் நிக்கிறேன்ல சார்," என்றாள். அவள் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

பயிற்சிக் காரில், பக்கத்து இருக்கையில் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தடுமாறினால் இவர் மிதிப்பார். இங்கே அது யார் காலடியில்?

கதவுக்கு வெளியே, தூரத்தில் டாக்டரின் பேச்சுக் குரல் கேட்டது. மாஸ்டர் மேசையிலிருந்து இறங்கினார். பாத்ரூம் போய்வருகிறேன் என்று பேண்ட்டையும் சட்டையையும் அள்ளிக்கொண்டு நழுவினார். அவசரத்தில் பொத்தான்கள் மாறிப்போயின. வரவேற்பறையில் காத்திருந்த மனைவியிடம் "வா" என்றுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

டாக்ஸியில் முன்னால் உட்கார்ந்தார். வேர்வையில் மை கரைந்து சட்டையில் ஊறியது. ஒரு சிக்னலில் பின் இருக்கையிலிருந்து மனைவி, "காலை எடுங்க, இது உங்க வண்டி இல்ல," என்றாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவர் கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. எடுக்கப் பார்த்தார். வீடு வரும்வரை அது வரவில்லை.