ஊருக்கு அனுப்பிய பனியன்

வீரபாண்டி பனியன் கம்பெனியில் சகாயராஜுக்குச் செக்கிங் வேலை. ஊசித் துளைகூட அவன் கண்ணுக்குத் தப்பாது. ஜெர்மனிக்காரன் வேண்டாமென்று தள்ளிய ஆர்டரில் ஒரு மூட்டை பனியனை வாங்கி, தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்கு அனுப்பினான். அங்கே மாதா கோயில் நடத்தும் மது ஒழிப்பு ஊர்வலத்தில் எல்லோரும் போட்டுக்கொள்ளத்தான். அனுப்பும் முன் ஓட்டை, கறை, தையல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். நெஞ்சில் இருந்த ஜெர்மன் எழுத்தை மட்டும் ஏதோ டிசைன் என்று விட்டுவிட்டான்.

மறுவாரம் டீக்கடையில் சூப்பர்வைசர் செல்வக்குமார் பேப்பரை நீட்டினார். "ஏனுங்க சகாயம், இது நம்ம பனியனுங்களா?"

ஊர்வலப் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில், 'மது ஒழிப்பு ஊர்வலத்தில் பீர் கம்பெனி பனியன்!'

கடையே சிரித்தது.  பெரிய செக்கிங் புடுங்கி என்று சகாயராஜ் தன்னையே திட்டிக்கொண்டான்.

அப்போது செல்போன் அடித்தது. அப்பா. இந்த வருசம்தான் குடியை விட்டவர். எழுத்து வாசனை இல்லாதவர்.

"எலே, பேப்பர்ல எம்படம் வந்திருக்காம்லா! முன்வரிசையில நாந்தாம்ல. என்னல போட்டிருக்கான்? சத்தமா வாசி, ஒங்கம்மையும் கேக்கட்டும்."