ஓரகத்தியின் தூக்குவாளி

என் ஓரகத்தியின் எவர்சில்வர் தூக்குவாளி ஒரு வருஷமாக எங்கள் அடுப்படியில் கிடந்தது. போன பங்குனியில் அதில் கெண்டை மீன் கொடுத்துவிட்டிருந்தாள். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளிடம் இல்லாத எதைப் போட்டு அனுப்புவது என்று தெரியாமல்தான் வைத்திருந்தேன். கரிசக்காட்டில் மீன் பிடிக்கிறவளுக்கு நான் என்னத்தைக் கொடுப்பது?

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். பாகம் பிரிக்கும்போது மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மேட்டுக்காடு ஒன்று, பள்ளக்காடு ஒன்று என்று வைத்தார். பள்ளத்தில் தண்ணீர் நின்று பயிர் அழுகும். மேட்டைத்தான் கேட்பார்கள் என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்க, கொழுந்தனார் என் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பள்ளத்தைக் கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்ததும், "ஏட்டி, போயும் போயும் பள்ளத்தையா எடுப்ப?" என்றேன்.

"தண்ணி எங்கன நிக்குதோ, அங்கன நாமளும் நின்னுக்கிடுவோம்க்கா" என்றாள். பைத்தியக்காரி என்று நினைத்தேன்.

அதன் பிறகு மழை குணம் மாறிவிட்டது. ஒரு மாசத்து மழை இரண்டு நாளில் கொட்டும். அப்புறம் மேகமே எட்டிப் பார்க்காது. நாங்கள் மேட்டில் மக்காச்சோளம் ஒன்றையே நம்பினோம். புழு தின்றது பாதி, வெயில் தின்றது பாதி. அவளோ பள்ளத்தின் அடியில் பண்ணைக்குட்டை வெட்டி, கொட்டுகிற மழையை அப்படியே பிடித்துவைத்தாள். சுற்றிலும் கம்பு, உளுந்து, பருத்தி. கம்பந்தட்டையை வெள்ளாடு தின்றது, ஆட்டுப்புழுக்கை நிலத்துக்குப் போனது, சிந்தின தானியத்தைக் கோழி பொறுக்கியது, குட்டையில் மீன் வளர்ந்தது. ஒன்று போனால் இன்னொன்று அவளுக்குக் கைகொடுத்தது. உள்ளதைச் சொன்னால், அவள் ஆடு குட்டி போட்டால்கூட எனக்கு வயிறு எரிந்தது. இரட்டைக் குட்டி என்றால் இரட்டை எரிச்சல்.

இந்த வருஷம் சோளத்தை விட்டுவிட்டு மிளகாய் போட்டோம். தை மாசம், பூவும் பிஞ்சுமாக நின்ற செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும். இதுவும் போனால் காட்டை விற்றுவிட்டுப் புதியம்புத்தூருக்குத் துணி தைக்கப் போவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். அப்படியும் அவளிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு நாள் காலையில் அவளே வந்து நின்றாள்.

"அக்கா, உங்க கொழுந்தனாரு குட்டையிலருந்து குழாய வரப்புத் தாண்டிப் போட்டிருக்காவ. இஞ்சின் ஓடுது. வந்து மடைய மாத்திக்கிடுங்க."

செடி நிமிர்ந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய நேரத்தில், இதற்கும் இவள்தானா என்று மனசு குமைந்தது.

பங்குனியில் மிளகாய் வத்தல் காய்ந்தது. வேர் அழுகும் என்று பள்ளத்தில் அவள் மிளகாய் போடுவதில்லை. கடைசியில் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. தூக்குவாளியைப் பளபளவென்று தேய்த்து, நல்ல நிறமான வத்தலாகப் பொறுக்கி, மூடி மூடாத அளவுக்கு அமுக்கி நிறைத்து நானே கொண்டுபோனேன். அவள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "மேட்டு வத்தலுக்கு உள்ள நெடியே தனிக்கா" என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் அதே தூக்குவாளி இருந்தது. திறந்து பார்த்தால் கெண்டை, போன வருஷத்தைவிடப் பெரிதாக. வெறுமனே திருப்பக்கூடாது என்பது அவளுக்கும் தெரிந்த வழக்கம்தானே. புது வத்தலை அரைத்துக் குழம்பு வைத்தேன். ருசியில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. தூக்குவாளி மறுபடியும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது.