மிகச் சிறப்பாக ஆராய்ந்துள்ளார்

என் மேசை இழுப்பறையில் ஒற்றைத் தாள் ஒன்று கிடக்கிறது. ஓர் ஆய்வேட்டு வரைவின் நாற்பத்திரண்டாம் பக்கம். ஓரத்தில் என் சிவப்பு மை.

அதை எழுதியவர் என் ஆய்வு மாணவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அரியாங்குப்பத்துக்காரர். பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடிய பிறகு படித்துப் பள்ளி ஆசிரியரானவர். ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தார். சனிக்கிழமைதோறும் எழுதிக்கொண்டு வருவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். யாருடைய நூலைப் பற்றி எழுதினாலும் 'மிகச் சிறப்பாக ஆராய்ந்துள்ளார்' என்றே முடிப்பார். ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு நூல்களுக்கும் அதே பாராட்டு! இது ஆய்வேடா, பொன்னாடை போர்த்தும் விழாவா என்று எரிச்சலாக வரும்.

விஷயம் தெரியாதவர் என்றால் விட்டிருப்பேன். தேநீர் வந்ததும் அதே நூலைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். "அந்தாளு மில்லு கேட்டத் தாண்டி உள்ள போயிருக்கவே மாட்டாரு மேடம். பஞ்சு தூசில ஒரு மணி நேரம் நின்னவன் இப்டி எழுதுவானா?" என்பார்.

"இதத்தான சார் எழுதச் சொல்றேன்!" என்று கத்துவேன்.

"பெரியவங்கள எப்டி மேடம் எழுத்துல மறுக்கறது?" என்று சிரிப்பார். அடுத்த சனிக்கிழமையும் 'மிகச் சிறப்பாக'த்தான்.

ஒருநாள் பொறுமை போய், "ஒரே ஒரு எடத்துலயாவது யாரையாவது மறுத்து எழுதிட்டு வாங்க. இல்லன்னா வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். எழுதி வந்தார். மறுத்திருந்தது என் கட்டுரையை. ஆலை மூடப்படுவது தொழிலாளர்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது என்று நிர்வாகத்தின் கோப்பை நம்பி நான் எழுதியிருந்தேன். 'இது தவறு. அன்று காலை ஷிப்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போனேன். கேட் பூட்டியிருந்தது. நோட்டீஸை அதன் பிறகுதான் ஒட்டினார்கள்' என்றது அவருடைய பக்கம். அந்த ஆய்வேட்டிலேயே உயிருள்ள வரிகள் அவைதாம். எனக்கோ காது சிவந்துவிட்டது. ஓரத்தில் 'ஆதாரம்?' என்று கிறுக்கித் தாளை அவர் பக்கம் தள்ளினேன். அன்று உங்களோடு நின்றவர்களைப் பேட்டி எடுத்துச் சேருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரிங்க மேடம்" என்று எழுந்து போனார். தாளை எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டம் கிடைத்தது. எப்படி எழுதக்கூடாது என்பதற்கு வருடாவருடம் மாணவர்களிடம் நான் காட்டுவது அவருடைய ஆய்வேட்டைத்தான். நேற்றும் ஒரு மாணவிக்கு எடுத்துக் கொடுத்தேன். 'ஆலை மூடப்பட்டது குறித்துப் பேராசிரியர் மிகச் சிறப்பாக ஆராய்ந்துள்ளார்' என்று வாய்விட்டுப் படித்தாள். அந்தப் பேராசிரியர் நான்தான்.

"மில்லுலயே வேல பாத்தவருன்னு சொல்றீங்க. ஒரு எடத்துலகூட மறுத்து எழுதலயே, ஏன் மேடம்?" என்றாள்.

இழுப்பறையைத் திறந்து, சிவப்பு மை பட்ட அந்தத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.