கண்ட்ரோல் தொட்டிக்கு மாலை போட்டவன்

1. கல்லைக் கழுவ வந்த ஆள்

பவள லேபில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதச் சொன்னார்கள். எதைச் செய்யக்கூடாது என்பதற்கு உதாரணம் வேண்டுமானால் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். எனவே ஒத்துக்கொண்டேன்.

வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடலைப் பார்த்த இந்த லேபில், தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் அடிக்கடி நின்றுபோனது. அதை ஓட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. பவளத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மோதிரத்தில் வைத்துக் கட்டுவார்கள் என்று சொல்லியிருப்பேன்.

முதல் நாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். "இந்தக் கல்லையெல்லாம் சோப்பு போட்டுக் கழுவணுமா, வெறுந்தண்ணி போதுமா?" என்று கேட்டேன்.

ஆய்வு மாணவி ஜெனிஷா கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். கடற்கரை ஊர்ப் பெண். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். வாய் துடுக்கு.

"அண்ணாச்சி, அது கல்லு இல்ல, உசுரு. சோப்பு கீப்புன்னு கிட்ட வந்திய, உங்களப் பிடிச்சுத் தொட்டியில போட்டுருவேன். இஞ்ச வந்து பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கல்லின் ஒவ்வொரு பொட்டுத் துளையிலும் ஒரு பூ மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. நடுவில் வாய், சுற்றிலும் கைகள். பாலிப் என்று பெயர். அவள் ஒரு சொட்டு இரை விட்டாள். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் நீண்டு அதைப் பிடித்து வாய்க்குள் தள்ளின. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் வரும்போது என் மச்சினன் கை நீள்வது போலவே இருந்தது.

"இதுக்குக் கண்ணு கிடையாது அண்ணாச்சி. வாய்க்கு வந்தது தீனியா, குப்பையான்னு தெரியாது. பிளாஸ்டிக் தூளு வந்தாலும் இப்படித்தான் பிடிக்கும். கொஞ்சத்தத் துப்பிரும். மத்தது வயித்துக்குள்ள கிடக்கும்."

"அதுக்குப் பொறவு?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் என்னை இஞ்ச உக்கார வச்சிருக்கு."

2. பிளாஸ்டிக் போலீஸ்

ஆய்வு எளிமையானது, எனக்கே புரிந்தது. ஒரு வரிசைத் தொட்டிகளில் பிளாஸ்டிக்கைப் பொடியாக்கித் தண்ணீரில் கலப்பார்கள். தனியாக ஒரு பெரிய தொட்டியில் எதுவும் கலக்கமாட்டார்கள். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். இரண்டிலும் பவளம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். கண்ட்ரோல் சுத்தமாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். அது கெட்டால் மொத்த ஆய்வும் கெட்டது.

அந்தப் பவளங்கள் நம் பக்கத்துக் கடலடிப் பாறைகளிலிருந்து, வனத்துறை அனுமதி வாங்கி எடுத்துவந்தவை. பவளத்தைத் தொடுவதே குற்றம். இன்னொரு தடவை அனுமதி கேட்டு, அது கிடைத்து வருவதற்குள் ஜெனிஷாவின் ஆய்வுக் காலம் முடிந்துவிடும். அதாவது, கண்ட்ரோல் தொட்டி போனால் அவள் பட்டமும் போகும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பொறுப்பு தலைக்கேறியது. யாரும் கேட்காமலே நான் லேபின் பிளாஸ்டிக் போலீஸ் ஆனேன். பருத்தி ஏப்ரன் போடாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டேன். சிந்தெடிக் துப்பட்டாவோடு வந்த ஒரு மாணவியை வாசலோடு திருப்பி அனுப்பினேன். துறைத்தலைவர் சாரையே ஒருநாள் நிறுத்தினேன்.

"சார், பாலியெஸ்டர் சட்டை."

"வோய், நான் இந்த டிப்பார்ட்மெண்டுக்கு ஹெட்டு கேட்டியா?"

"ஹெட்டுன்னா சட்ட நூலு உதிராதா சார்?"

அவர் சிரித்துக்கொண்டே ஏப்ரனை வாங்கி மாட்டினார். அன்று முழுவதும் என் கால் தரையில் படவில்லை.

மூலையில் ஒரு பழைய சின்னத் தொட்டியும் இருந்தது. பவளங்களை வெட்டி ஒட்டும்போது ஒடிந்த துண்டுகளை அதில் போட்டு வைத்திருந்தார்கள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் மட்டும் அதன்மேல் ஒரு கண்ணாடிப் பலகையைப் போட்டு மூடி, என் டிபன் பாக்ஸ் வைக்கும் மேசையாக ஆக்கிக்கொண்டேன். "ஆராய்ச்சித் தொட்டி மேல மீன்கறி வைக்கிற ஒரே லேப் நம்ம லேப்தான்" என்று சார் கோபப்பட்டார். நான் அப்புறம் எடுக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை.

3. ஆயுத பூஜை

ஆயுத பூஜைக்கு எங்கள் லேபிலும் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். அந்தோணியார் படம் மாட்டியிருக்கும் ஜெனிஷாவின் மேசைக்கும் சேர்த்துத்தான். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், சில்லருக்குக் குங்குமம். பிளாஸ்டிக் கலந்த தொட்டிகளுக்கு வெளியே கண்ணாடியில் ஒரு பொட்டு மட்டும். கண்ட்ரோல் தொட்டிக்கு அது போதாது என்று எனக்குத் தோன்றியது. லேபிலேயே சுத்தமானது அதுதானே.

காலையிலேயே தோவாளைப் பூச்சந்தைக்குப் பஸ் ஏறினேன். வழக்கமாக வாங்கும் மாலைக்கடை அக்கா, சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜிகினா சுத்தவா அண்ணாச்சி?"

"நல்லாச் சுத்துக்கா. பாக்குறவன் கண்ணு கூசணும்."

அவள் வெள்ளி ஜிகினாவை மாலை நெடுக இழைத்து, போனஸாக ரோஜா மேல் மினுக்குத் தூளும் தூவிக் கொடுத்தாள். கொண்டுவந்து தொட்டியின் விளக்குச் சட்டத்தில், தண்ணீருக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். பக்கத்தில் ஃபேன். கீழே ஏர் பம்பின் குமிழிகள். கற்பூரம் காட்டினேன். ஜெனிஷா வெளியே வராந்தாவில் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள்.

துப்பட்டாவைத் துரத்திய என் கண்ணுக்கு ஜிகினாவும் பிளாஸ்டிக்தான் என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் என்றால் எனக்குக் குடம், வாளி, பை. ஜிகினா என்றால் ஜிகினா. அது கல்யாணத்தில் சேர்த்தி.

பூஜை போட்டால் ஆயுதத்தைத் தொடக்கூடாது. விடுமுறை முடியும் வரை நானும் மாலையைத் தொடவில்லை. ஓரத்தில் நின்று இரை மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

4. அலங்காரம்

விடுமுறை கழிந்து ஜெனிஷா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நிமிரவே இல்லை.

"அண்ணாச்சி."

"என்ன மக்கா?"

"இது என்ன மினுங்குது?"

நான் போய்ப் பார்த்தேன். பாலிப்புகள் எல்லாம் வரவேற்புக்கு நிற்கும் மணப்பெண்கள் போல ஜொலித்தன. ஒன்றின் கையில் வெள்ளித் துணுக்கு. ஒன்றின் வாயில் பாதி உள்ளே, பாதி வெளியே. மற்றவை சளியைச் சுரந்து, மினுக்கை உருட்டித் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தன. என் தலைக்குப் பின்னால், தொட்டியின் மேல், வாடிப்போன மாலை ஃபேன் காற்றில் ஆடியது. ஜிகினா பாதி உதிர்ந்துபோயிருந்தது.

ஜெனிஷா மாலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை ஏப்ரனில் மூடிக்கொண்டாள்.

"பெர்மிஷன் இனி கிடைக்காது அண்ணாச்சி. அப்பாக்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

நான் போய் மாலையை அவிழ்த்து வெளியே கொண்டுபோனேன். 

தண்ணீரை மாற்றினோம். ஒவ்வொரு துண்டாகக் கழுவினோம். உள்ளே போனதை என்ன செய்ய? சில பாலிப்புகள் துப்பின. சில துப்பவில்லை. சளி சுரப்பதற்கே அவற்றின் தெம்பு போனது என்று ஜெனிஷா சொன்னாள். பவளத்துக்குள்ளே ஒரு பாசி குடியிருக்கிறது. நிறமும் சாப்பாடும் கொடுப்பது அதுதான். பவளம் நொந்தால் அந்தப் பாசி வெளியேறிவிடும். வீட்டு வாடகைக்காரன் போவது போலத்தான், ஆனால் இங்கே சமையல்காரனும் அவன்தான். எங்கள் கண் முன்னாலேயே சில துண்டுகள் வெளிறி, சுண்ணாம்புபோல ஆயின. பிளாஸ்டிக் தொட்டியில் அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே சங்கதி, இப்போது கண்ட்ரோலிலும்.

5. டிபன் மேசை

சார் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் பார்த்து, "நீ சொன்னேன்னு நான் ஏப்ரன் போட்டேன்லா வோய்" என்றார். அது அடித்ததைவிட வலித்தது.

திரும்பும்போது அவர் கண் மூலைக்குப் போனது. "அந்தத் துண்டுத் தொட்டி என்ன ஆச்சு?"

மூவரும் போனோம். டிபன் பாக்ஸை எடுத்து, கண்ணாடிப் பலகையைத் தூக்கினேன். பலகையின் மேல் தூசி, மீன்கறி வட்டம், ஐந்தாறு ஜிகினாப் பொட்டு. ஜெனிஷா உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அடுத்த துண்டு. அதற்கடுத்த துண்டு. தண்ணீரையும் வடிகட்டிப் பார்த்தாள்.

"சார், மினுக்கு இல்ல. பாலிப்பெல்லாம் விரிஞ்சிருக்கு. டிபன் நிழலு விழுந்த துண்டு மட்டும் கொஞ்சம் சோந்திருக்கு."

"மூடி யாரு போட்டா?"

"நான்தான் சார்" என்றேன். "சாப்பாடு வைக்க."

 அதற்கப்புறம் சார் அந்தப் பலகையை எடுக்கச் சொன்னதே இல்லை.

ஒடிந்த துண்டுகளைக் கண்ட்ரோலுக்குப் பாதி, பிளாஸ்டிக்குக்குப் பாதி என்று பிரித்து, ஜெனிஷா முதலிலிருந்து தொடங்கினாள். செய்த வேலையெல்லாம் வீண். ராப்பகலாக உழைத்துக் காலத்துக்குள் முடித்தாள். கெட்டுப்போன கண்ட்ரோலை அவள் மறைக்கவில்லை. 'அலங்காரப் பொருளிலிருந்து வந்த மாசு' என்று நாகரிகமாக எழுதியிருக்கிறாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அந்த மாசைக் கொண்டுவந்தவனும் இந்த நன்றிக்குரியவனும் ஒரே ஆள்தான் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

யோசித்துப் பார்த்தால், நான் மரியாதை செய்த தொட்டி கெட்டது. மதிக்காமல் விட்ட தொட்டி பிழைத்தது.

6. ஜிகினா இல்லாத மாலை

அவளுக்குப் பட்டம் உறுதியான அன்று மறுபடி தோவாளை போனேன்.

"ஜிகினா வேண்டாம்க்கா. மினுக்கும் வேண்டாம். வெறும் பூவு, வாழநாரு."

மாலைக்கடை அக்காவின் முகம் மாறியது. எங்கள் பக்கம் ஜிகினா இல்லாத வெறும் மாலை சாவு வீட்டுக்குத்தான். "ஐயோ, யாருக்க வீட்டுல அண்ணாச்சி கேதம்?"

"கேதம் இல்லக்கா. எங்க லேப் பிள்ள டாக்டர் ஆயிட்டா."

"அப்போ ரெண்டு சுத்து கூடப் போடணும்லா!" என்று ஜிகினா உருண்டையை எடுத்தாள். மாலையைப் பறித்துக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸில் ஏறினேன். வெறும் மாலையைப் பார்த்து ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"வயசான ஆளா?" என்றார் மெதுவாக.

"இல்ல, சின்னப் பிள்ளதான்" என்றேன். பஸ்ஸே உச்சுக் கொட்டியது.

லேபில் எல்லோரும் கைதட்டினார்கள். மாலையை நீட்டினேன். ஜெனிஷா கழுத்தை நீட்டவில்லை. மாலையைக் கையில் வாங்கி, ஒரு வெள்ளைத் தட்டின் மேல் பிடித்து நன்றாக உதறினாள். தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். ஒரு ரோஜா இதழும் ஓர் எறும்பும் விழுந்திருந்தன.

"கொள்ளாம், நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றாள். "இப்பம் போடுங்க."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வாசலில் நின்று அடுத்தவன் சட்டையைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் கையில் இருப்பதை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் உதறிப் பாருங்கள். தட்டு கண்ட்ரோல் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் யாரும் டிபன் வைக்க வேண்டாம்.