துடைக்காமல் போன ஜெல்

மார்பில் இருக்கிற கட்டியைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கண்டுபிடித்த பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்பதற்குத் தனியாகப் பயிற்சி எதுவும் தருவதில்லை.

நான் போளூர்க்காரி. வாரத்தில் மூன்று நாள் ஸ்கேன் கருவியோடு வேனில் ஜவ்வாது மலை ஏறுகிறேன். முகாம், முகாம் என்று அலைந்து நொந்துபோன என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது புரியும். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள்.

டப்பாவுக்குள் டாக்டர்

புதுக் கருவி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்கையில் அடங்கும். போனில் சொருகி மார்பின் மேல் நகர்த்தினால் படம் வரும். படத்தைக் கருவியே படித்து, சந்தேகமான இடத்தில் சிவப்புக் கட்டம் போடும். "டாக்டரே வேணாம்மா, இது போதும்" என்று பயிற்சியில் அடித்துச் சொன்னார்கள். நானும் நம்பினேன், மடச்சி!

முதல் முகாமில் ஒருத்தியும் ரவிக்கையைத் தொடவில்லை. டிரைவரை வேனை விட்டுத் துரத்தி, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். கடைசியில் ஒரு அக்கா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இம்மாத்தூண்டு டப்பாவுல டாக்டரு எப்டிம்மா குந்தினு இருப்பாரு?"

ஜில்லென்று ஒன்று

ஸ்கேனுக்கு முன்னால் ஜெல் தடவ வேண்டும். அது இல்லாவிட்டால் படம் விழாது. தடவியதும் எல்லோரும் "ஐயோ, ஜில்லுனு கீது!" என்று துள்ளுவார்கள். முடிந்ததும் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுப்பேன்.

சின்னப்பாப்பா அப்படித்தான் வந்தாள். நாற்பது வயது இருக்கும். சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள். இடது பக்கம் சிவப்புக் கட்டம் விழுந்தது. சின்னக் கட்டிதான். "அக்கா, கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு டெஸ்ட் எடுக்கணும்" என்றேன். தலையாட்டினாள். காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, ஜெல்லோடு அப்படியே ரவிக்கையை மாட்டினாள். துடைக்கச் சொன்னேன். வெளியே இன்னும் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்: "இருக்கட்டும்மா, தானா காஞ்சிடும்."

காவலூர் வளைவு

டாக்டரே வேண்டாம் என்றாலும், சிவப்புக் கட்டம் விழுந்த படத்தைக் கீழே பெரிய டாக்டருக்கு அனுப்பியாக வேண்டும்; அதற்குக் காவலூர் போகும் வழியில் ஒரு வளைவுக்கு வர வேண்டும். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பக்கத்திலேயே வானத்தைப் பார்க்கிற பெரிய பெரிய தொலைநோக்கிகள். எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரம் அங்கே தெரிகிறது, எனக்கு ஒரு படம் போய்ச் சேர ஒரு மணி நேரம்.

"நோயாளியை உடனே அனுப்பவும்" என்று மறுநாளே பதில் வந்துவிட்டது. சின்னப்பாப்பா கொடுத்த நம்பர் அவள் தம்பியுடையது. அவன் குடகில் காப்பித் தோட்டத்தில் இருந்தான். "சொல்லிடறேங்க" என்றான். கிராம நர்ஸை இரண்டு முறை அவள் வீட்டுக்கு அனுப்பினேன். நானே நேரில் போயிருக்கலாம். போகவில்லை. நர்ஸ் வந்து சொன்னது: "தலைய நல்லாத்தான் ஆட்டுது மேடம், வண்டிதான் ஏற மாட்டேங்குது."

பத்தியம்

எட்டு மாதம் கழித்து அதே ஊரில் முகாம். வரிசையில் முதல் ஆளாகச் சின்னப்பாப்பா நிற்கிறாள்! கூடவே இரண்டு பெண்கள். எனக்கு ஒரு பலாப்பழம் வேறு. வேனுக்குள் ரவிக்கையை அவிழ்த்தாள். தோல் சுருங்கி, புண்ணாகி, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஏங்க்கா போவல?" என்று கத்தியேவிட்டேன். அவளுக்கு நான் கத்துவது ஏன் என்று புரியவில்லை. "மூணு நாளு தண்ணி படாம வெச்சினு இருந்தேனே. கருவாடு தொடல, கத்திரிக்கா தொடல. கொஞ்ச நாளு நல்லாத்தான் இருந்துச்சி." அவள் ஜெல்லைத்தான் சொல்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. மலையில் எந்த மருந்துக்கும் பத்தியம் உண்டு. ஜெல்லுக்கும் இருந்திருக்கிறாள். அது மருந்தில்லை, படம் தெரிவதற்குத் தடவுவது என்று விளக்கினேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப மருந்து எப்பம்மா போடுவீங்க?"

இறங்கும் வழி

அன்றைக்கே அவளை வேனில் ஏற்றித் திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது நுரையீரல் வரைக்கும் பரவிவிட்டது, வலிக்கு மட்டும்தான் மருந்து கொடுக்க முடியும் என்றார். முதல் தடவையே அந்தக் காகிதத்தை வாங்கி ஜெல்லை நானே துடைத்துவிட்டிருந்தால் என்ன? அரை நிமிஷ வேலை.

திரும்பும் வழியில் வேனில் சின்னப்பாப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடியே வந்தாள். ஊர் நெருங்கும்போது என் கையைத் தொட்டாள்: "அந்த ரெண்டு பொண்ணுங்க கிட்டயும் அது மருந்து இல்லன்னு சொல்லிடும்மா, நான்தான் நல்ல மருந்துன்னு இட்டாந்தேன்."

இப்போது அதைவிடப் புதுக் கருவி வந்திருக்கிறது, கடுகளவு கட்டியைக்கூடக் காட்டிவிடுமாம், ஜெல்லை மட்டும் நான்தான் துடைக்கிறேன்.