பெண் வீட்டுக்குப் போன படம்

தம்பி அனுப்பிய சினிமாப் படம் பெண்ணுக்குப் போகாமல் பெண்ணின் அப்பாவுக்குப் போய்விட்டது என்று தரகர் சென்னியப்பன் போனில் சொன்னபோது, கந்தம்மாள் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கை பாதியில் நின்றது.

"ஏனுங்க, அவரு நம்பரு இவனுக்கு எப்படிங்க கெடச்சுது?"

"சாதகத்துல இருக்கறது அப்பன் நம்பருதானுங்க அம்மிணி. புள்ள நம்பர யாரு போடுவா? உங்க தம்பி அதைப் புள்ள நம்பருன்னு நெனச்சு அனுப்பிப்போட்டாப்ல. கீழ ஒரு வரி வேற. 'கண்டிப்பாப் பாருங்க, பாத்துட்டு மனசுல பட்டத மறைக்காமச் சொல்லுங்க'ன்னு."

"அவரு பாத்தாருங்களா?"

"பாக்காம? மாப்பிள்ள சொல்லி அனுப்பியிருக்குது, என்னமோ சேதி இருக்குதுன்னு ஊட்டுல எல்லாரையும் ஒட்டுக்கா உக்கார வெச்சு டீவியில போட்டுப் பாத்திருக்காரு. அன்னைக்கிலிருந்து மனுசன் யாருகூடயும் பேசறதில்லையாம். நான் கூப்பிட்டா, 'நானே கூப்புடறேன்'னு வெச்சுப்போடறாரு. இது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எனக்கே வெளங்கலீங்க."

கந்தம்மாளுக்கு விளங்கிவிட்டது. இதற்கு முன்பு இரண்டு முறை இப்படித்தான் விளங்கியிருந்தது.

அவள் மல்லசமுத்திரத்தில் வீட்டிலேயே துணி தைப்பவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. அளவு எடுத்தால் இரண்டு முறை எடுப்பாள், வெட்டுவதற்கு முன் மூன்றாவது முறை பார்ப்பாள். அவளைவிடப் பத்து வயது இளையவன் ஜெகதீஸ்வரன். சங்ககிரி போகும் சாலையில் எடைமேடை வைத்திருக்கிறான். சரக்கோடு வரும் லாரி மேடையில் ஏறி நிற்கும், எடை விழும், சீட்டு அடித்துக் கொடுப்பான். அது எல்லா எடைமேடையிலும் நடப்பது. இவனிடம் மட்டும் நடப்பது ஒன்று உண்டு. டிரைவர் முகத்தைப் பார்ப்பான், இரண்டு வார்த்தை பேசுவான், சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படத்தின் பெயரை எழுதிக் கொடுப்பான். வடக்கே போய்த் திரும்பி வர லோடு கிடைக்காமல் நாள்கணக்கில் படுத்துக்கிடக்கும் டிரைவர்கள் அந்தப் படத்தைப் போனில் பார்ப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே படத்தைச் சொல்ல மாட்டான். பங்காளியோடு வரப்புத் தகராறு உள்ளவனுக்கு ஒன்று, மகன் பேசாமல் போய்விட்டவனுக்கு ஒன்று. நல்ல படம், சிரிப்புப் படம் என்றெல்லாம் சொல்லமாட்டான். "பாத்துட்டு, அந்தாளு எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு எனக்குச் சொல்லோணும்," என்பான். நாக்பூரிலிருந்து ஒரு டிரைவர் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் அழுததாக அவன் சொன்னதுண்டு. இதையெல்லாம் கந்தம்மாள் ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். கலெக்டருக்குப் படித்த தம்பி இருந்தால்கூட அவ்வளவு சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் அவன் சொன்ன ஒரு படத்தையும் அவள் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் கையைக் கட்டி உட்காருவதற்கு வேலை விட்டால்தானே.

முப்பத்தைந்து வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்குப் படம் மட்டும் காரணமில்லை. அவர்கள் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் அதிகம், பெண்கள் குறைவு. தோட்டம், வீடு, கார் எல்லாம் இருந்தும் நாற்பது வரை நிற்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர். ஜாதகம் பொருந்துவதே பெரிய காரியம். அப்படிப் பொருந்தி வந்த இரண்டு இடமும் படத்தால் போயிற்று. முதல் பெண்ணுக்குத் தண்ணீர் இல்லாமல் ஊரே கிளம்பிப் போகிற படத்தைச் சொன்னான். தோட்டத்தை வித்துப்போட்டுப் போகப் போறீங்களா என்று கேட்டு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த பெண்ணுக்குப் பிள்ளைகள் கைவிட்ட வயசானவர்களைப் பற்றிய படம். "மாமியாளப் பாக்கோணும்னு இப்பவே மெரட்டறாப்லயா," என்று பெண்ணின் அம்மா கேட்டுவிட்டாள்.

அதனால்தான் தம்மம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போகும்போது காரிலேயே அவனிடம் கந்தம்மாள் வாக்கு வாங்கினாள். படம் என்கிற பேச்சே எடுக்கக் கூடாது. அவனும் எடுக்கவில்லை. பெண் யுவஸ்ரீதான் எடுத்தாள். அவள் நாமக்கல்லில் கோழித்தீவனம் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே வருகிற லாரி டிரைவர்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தனியாகப் பேசிவிட்டு வாங்க என்று இருவரையும் மாடிக்கு அனுப்பியபோது, "எடைச்சீட்டுல படம் எழுதித் தர்றவரு நீங்கதானுங்களா, எனக்கொண்ணு சொல்லுங்க," என்று கேட்டாளாம். கேட்டால் அவன் என்ன செய்வான்.

கந்தம்மாள் தம்பியைப் போனில் பிடித்தாள். பின்னால் லாரியின் இரைச்சல்.

"ஏஞ்சாமி, அனுப்பறதுக்கு முன்னால நம்பர ஒருதடவ பாக்க மாட்டியா?"

"யுவஸ்ரீன்னு சாதகத்துல பேரு போட்டு அதுக்கு நேரா நம்பரு இருந்துச்சுங்க்கா."

"அதென்ன படம்? கதையச் சொல்லு."

"சொல்லிப்போட்டா பாக்கறதுக்கு என்னங்க்கா இருக்குது."

"நானா பாக்கப் போறேன்?"

"பாருங்களேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அவன் குரலைத் தாழ்த்தி, "வேண்டாம்னு சொல்லீட்டாங்களாக்கா?" என்று கேட்டான். முன்பு இரண்டு முறையும் அவன் அப்படிக் கேட்டதில்லை. போனால் போகுது என்று எடைமேடைக்குப் போய்விட்டவன். இந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பது கந்தம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணுஞ் சொல்லலடா கண்ணு," என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த அவள் வீட்டுக்காரர் தமிழரசு, தம்பி அவளுக்கும் அனுப்பியிருந்த அந்தப் படத்தை டீவியில் போட்டுக் கொடுத்தார். "உனக்கெதுக்கு இந்த வேல? அவங்க வேண்டாம்னா வேண்டாங்கட்டும்," என்றார். அவள் பதில் சொல்லாமல் எதிரே உட்கார்ந்தாள்.

மராத்திப் படம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். கந்தம்மாள் அதைப் படமாகப் பார்க்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் ஒருவர், சம்பந்தியாக வரப்போகிறவர்கள் அனுப்பியது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிப் பார்த்தாள். ஒரு விவசாயி படுக்கையில் விழுகிறார். கட்டிக் கொடுத்த மகள் பார்த்துக்கொள்ள வருகிறாள். இது வரைக்கும் சரி. மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே யுவஸ்ரீயின் அப்பாவுக்கு முகம் சுருங்கியிருக்கும் என்று தோன்றியது. அந்தப் பெண் நன்றாகப் படித்தவள், வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தும் அப்பா அனுப்பாமல் கட்டிக் கொடுத்துவிட்டார் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறது. கந்தம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இதையா அனுப்பியிருக்கறான்," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"யாரு?" என்றார் தமிழரசு. அவரும் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். முகம் துடைக்கிறாள். துணி மாற்றுகிறாள். ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் எதையோ சொல்ல வருகிறார். அவள் அடுத்த கரண்டியை வாயருகே கொண்டுபோகிறாள். கடைசிவரை அப்படியே போகிறது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் மன்னித்தாளா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. காலிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். படம் முடிந்தது.

எந்த இடத்திலிருந்து தான் யுவஸ்ரீயின் அப்பாவை மறந்துவிட்டோம் என்று கந்தம்மாளுக்குத் தெரியவில்லை. டீவி அணைந்த பிறகும் படத்தில் வந்த அந்தப் பெண்ணின் மேல் கோபமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். அந்த மனுசனையும் பேச விட்டிருக்கலாம். தமிழரசு எழுந்து போகும்போது, "ஒந்தம்பி ஆளு லேசுப்பட்டவனில்ல," என்றார். அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே பயமும் வந்தது. சம்பந்தமில்லாத தன் வீட்டுக்காரரையே கையைக் கழுவ விடாமல் பிடித்து வைத்த படம், பெண்ணைப் பெற்றவரை என்ன செய்திருக்கும்.

பெண்ணின் அப்பா சரவணமுத்து மறுநாள் காலையில் கூப்பிட்டார். தரகரைக் கூப்பிடவில்லை, நேராக அவளைத்தான் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்றுகொண்டு பேசினாள்.

"உங்க தம்பிக்கு எம்மவ விசயம் யாரு சொன்னதுங்க?"

"என்ன விசயமுங்க?"

"புனேயில மேல படிக்க எடங் கெடச்சு நான் அனுப்பாதது."

"சாமி சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க. அவன் யாரையும் குத்திக்காட்டறவன் இல்லீங்க. நம்பரு மாறி உங்களுக்கு வந்துருச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

"எம்மவளும் அதேதான் சொல்றா. மாடியில அந்தப் பேச்சே வரலியாம்." பிறகு அவரே தொடர்ந்தார். "படம் ஓடும்போது அவ மூஞ்சியப் பாத்தேங்க. புள்ள டீவியப் பாக்குது. அழுகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அதுதான் தாங்கல. நாலு வருசமா எனக்கு அது சோறு போடுது, மாத்திர எடுத்துக் குடுக்குது. எங்கிட்ட கோவமா இருக்குதான்னு நான் கேட்டதே இல்லீங்க. இப்பத்தான் கேட்டேன்."

"என்ன சொல்லுச்சுங்க?"

"ஆமான்னு சொல்லுச்சு."

கந்தம்மாள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"'போய்ப் படி'ன்னு நான் சொல்லிட்டேன். இந்த வருசமே அப்ளை பண்றா. ரெண்டு வருசப் படிப்பு. உங்க தம்பி படம் அனுப்பலைன்னா ஆவணியில கல்யாணத்த வெச்சிருப்பேன். குத்தமாச் சொல்லலீங்க. அவரு காத்திருப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க. இல்லைன்னாலும் மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டோம்."

இரண்டு வருடம். அவனுக்கு முப்பத்தேழாகிவிடும். அம்மா ஆத்தாயிக்கு இப்போதே கண் சரியில்லை. கந்தம்மாள் சரி என்று சொல்லிவிட்டு வைத்திருப்பாள். ஆனால் படத்தில் யாரும் அந்த மகளிடம் நேராக எதையும் கேட்கவில்லை என்பது நினைவில் உறுத்தியது.

"புள்ள பக்கத்துல இருந்தா ஒரு வார்த்த பேசட்டுங்களா?"

போன் கை மாறியது. "சொல்லுங்க அக்கா," என்றாள் யுவஸ்ரீ.

"அம்மிணி, உனக்கு எந்தம்பியப் புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்குதுங்க." பிறகு, "அந்தப் படம்தான் அவ்வளவாப் புடிக்கல. அந்தப் பொண்ணு ஒருதடவையாச்சும் சண்ட போட்டிருக்கோணும்," என்றாள்.

"நானும் அதேதான் நெனச்சேன் சாமி."

"நீங்களும் பாத்தீங்களா?"

"நேத்து." கந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அப்ப அவனக் காத்திருக்கச் சொல்லட்டுமா?"

"அக்கா, உங்ககிட்டப் பொய் சொல்லக்கூடாது. ரெண்டு வருசம் அங்க போய் இருந்துட்டு வந்து நான் என்ன நெனைப்பேன்னு எனக்கு இப்பத் தெரியலீங்க. காத்திருங்கன்னு நான் சொன்னா அது வாக்கு மாதிரி ஆயிரும். என்னால அத இப்பக் குடுக்க முடியாது. அவருகிட்ட இத அப்படியே சொல்லிருங்க."

கந்தம்மாள் அப்படியே சொன்னாள். போனில் சொல்ல மனம் வராமல் பஸ் ஏறி எடைமேடைக்குப் போய், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஜெகதீஸ்வரன் மேடையில் நின்ற லாரியை இறக்கி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டான்.

"அப்பாகிட்ட ஆமான்னு சொன்னாங்களாமா?" அதைத்தான் முதலில் கேட்டான்.

"சொன்னாளாம்." அவளுக்கு ஆத்திரம் வந்தது. "அது கெடக்குது. நீ என்ன பண்ணப் போறே? அவ வந்து வேண்டாம்னா முப்பத்தேழு வயசுல எந்த ஊட்டுக்குடா நான் போவேன்?"

"தெரியலீங்க்கா."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், படம் அனுப்பாதேன்னு."

"அனுப்பாம இருந்திருந்தா ஆவணியில கட்டிக்கிட்டு வந்திருப்பேன். எனக்கும் ஒருநாளைக்கு வாய் பேசாமக் கஞ்சி ஊத்தியிருப்பாங்க." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நான் காத்திருக்கறேனுங்க்கா. அவங்க வாக்குக் குடுக்க வேண்டாம். நாம வேற எடம் பாக்காம இருந்தாப் போதும்."

அவன் முகத்தைப் பார்த்தபோது அவனுக்கும் பயமாக இருக்கிறது என்று தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கந்தம்மாள் அவன் தோளில் கையை வைக்கப் போனாள். அடுத்த லாரி ஹாரன் அடித்தது. அவன் எழுந்து போனான்.

திரும்பும் பஸ்ஸில் சென்னியப்பன் கூப்பிட்டார். சேதி எல்லாம் அவருக்கு எட்டியிருந்தது.

"போகட்டும் விடுங்க அம்மிணி. ராசிபுரத்துல ஒண்ணு இருக்குது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். இந்த வாரமே போய்ப் பாத்துரலாம். என்ன சொல்றீங்க?"

ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் கிழங்குக் காடுகள் ஓடிக்கொண்டிருந்தன. வாக்கில்லாத ஒன்றுக்காகக் கையில் வந்ததை விடுவதா. ஊரே சிரிக்கும். அம்மாவிடம் என்ன சொல்வது. எல்லாவற்றையும் ஒருமுறை அளந்து பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

"வேண்டாமுங்க," என்றாள்.

"நல்லா ரோசிச்சுத்தான் சொல்றீங்களா? இதுபோல எடம் மறுக்கா அமையாதுங்க."

"தெரியுமுங்க. அவன் சாதகத்த இனி யாருகிட்டயும் காட்ட வேண்டாம். எங்கிட்டத் திருப்பிக் குடுத்துருங்க," என்றாள். அவர் மறுபடி கேட்பதற்குள் போனை வைத்தாள்.