கம்பளிக்குள்ள போன கை

தம்பி குடிய விட்டு ஆறு வருஷமாகுது. எல்லாம் அம்மா புண்ணியம்னு எங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீடுங்கள்ல பேசிக்கிறாங்க. நானும் தலையாட்டுறேன். தலையாட்டுறதுக்கு என்ன, கழுத்து இருந்தா போதும். உண்மை தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

அப்பா கருமாதி அன்னைக்கு அவன் மூக்கு முட்டக் குடிச்சிட்டு வந்து படையல் மேலயே விழுந்தான். சோறும் கறியும் அப்பாவோட தேத்தண்ணிக் கோப்பையும் வாசல் பூரா சிதறிக் கெடந்துச்சு. அம்மா சத்தம் போடல. "இனி செத்தாலும் இவன் கையால ஒரு வாய் தண்ணி எனக்கு வேணாம்"னு மட்டும் சொன்னாங்க. மறுநாளே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன், ரெண்டு வருஷம் எட்டிப் பார்க்கல.

அப்புறம்தான் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்துச்சு. வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் போச்சு. ஆனா புத்தி தெளிவா இருந்துச்சு, இடது கையும் நல்லா இருந்துச்சு. கஞ்சி புடிக்கலன்னா இடது கையால கரண்டிய ஒரு தட்டு தட்டுவாங்க. அந்தக் குணத்த எந்த வாதமும் அசைக்கல.

என்னை ஆட்டி வச்சது வலது கைதான். மொத வாரம் ஈரத்துணியாட்டம் தொங்குன கை, போகப் போக மடங்கி இறுக ஆரம்பிச்சுது. உள்ளங்கையத் தொடைக்கப் போனா என் விரல லபக்குன்னு புடிச்சுக்கும், விடாது. அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துக்கிட்டேன். ஆஸ்பத்திரியில கைகால் பயிற்சி குடுக்கிற மிஸ்தான் சிங்களத்துல எடுத்துச் சொன்னாங்க. "இது அவங்க நெனச்சுப் புடிக்கிறது இல்ல அக்கா. கைய அடக்கி வைக்கிற எடம் மூளையில அடிபட்டுப் போச்சு. அதனால தொட்டதும் தானா மூடிக்கிது. பச்சப்புள்ள கை மாதிரி."

எனக்கு உடனே வெளங்குச்சு. தாய்மாரு கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தைகளப் பார்த்துக்கிற புள்ளக் காம்பராவுல இருபத்தஞ்சு வருஷம் வேலை செஞ்சவ நான். என் விரல், பால் போத்தல், பக்கத்துப் புள்ள முடி, எல்லாத்தையும் அதுங்க ஒரே புடியாத்தான் புடிக்கும். அதுல பாசமும் கெடையாது, கோவமும் கெடையாது. மணிக்கட்ட மெதுவா உள்பக்கம் மடக்குனா புடி தளரும்னு மிஸ் காட்டிக் குடுத்தாங்க.

சேதி கேட்டு ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி வந்தான். வாசல்லயே சாராய வாடை. கட்டில் பக்கத்துல மண்டி போட்டு ஓன்னு அழுதான். நான் தடுக்கிறதுக்குள்ள, "இனி தொட மாட்டேம்மா, சத்தியம்"னு அம்மாவோட வலது உள்ளங்கையில அடிச்சுட்டான். எங்க லயத்துல கையில அடிச்சு சத்தியம் பண்ணுனா, வாங்குன கை மூடணும். மூடுனா ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். இழுத்துக்கிட்டா ஏத்துக்கலன்னு அர்த்தம்.

அந்தக் கை மூடுச்சு.

"அக்கா, பாரு! அம்மா என்னை விட மாட்டேங்குறாங்க பாரு!"

பார்த்தேன். அவன் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தேன். கம்பளிக்கு மேல கெடந்த இடது கைய அம்மா மெல்ல மெல்ல உள்ளுக்கு இழுத்துக்கிட்டாங்க. முகத்தச் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. மணிக்கட்ட மடக்கி அவன விடுவிச்சது நான்தான்.

அன்னையிலருந்து அவன் தொடல. கொழும்ப விட்டுட்டு இங்கயே வந்து கல்யாணமும் பண்ணிக்கிட்டான். மூணாம் மாசம் அம்மா போறப்போ, கடைசித் தண்ணிய அவன்தான் ஊத்துனான். டம்ளர அவன் கையில எடுத்துக் குடுத்தது நான். பாவி நான், வேற யாரு?

போன மாசம் ஒடம்பக் காட்டப் போனப்போ, ஹட்டன் ஆஸ்பத்திரியில டாக்டர் ரப்பர் சுத்தியலால என் மணிக்கட்டத் தட்டிப் பார்த்தாரு. தட்டுனா கை தானா துள்ளணுமாம், என் கை சும்மா கெடந்துச்சு. வயசானா இந்தத் துள்ளல் கொறையும், பயப்படாதீங்கன்னாரு. தொணைக்கு வந்த தம்பி வெளிய பெஞ்சுல இருந்தான். பக்கத்துல வாதம் வந்த ஒரு பெரியவரோட கை, யார் தொட்டாலும் கப்புனு புடிச்சுக்கிச்சாம். "அவருக்குத் தெரியாதுங்க, அது தானா புடிக்கிது"ன்னு அவரு மக சொல்லியிருக்கா.

பஸ்ல வரும்போது அவன்தான் இத என்கிட்ட சொன்னான். வீட்டுக்கு வந்ததும் என் முன்னால நின்னான்.

"அக்கா, அன்னைக்கு அம்மா தெரிஞ்சுதானே புடிச்சாங்க?"

உள்ளங்கைய நீட்டுனான். இல்லன்னு சொன்னா பொழுது சாயறதுக்குள்ள சாராயக் கடையில நிப்பான். அவன் பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும் என் கண்ணு முன்னால வந்து நின்னாங்க.

"தெரிஞ்சுதான்டா, சத்தியமா"ன்னு ஓங்கி அடிச்சேன்.

அவன் கை என் கைய மூடுச்சு. பெருமூச்சு விட்டுட்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனான்.

அப்புறம்தான் குனிஞ்சு பார்த்தேன். என் இடது கை முந்தானைக்குள்ள போயிருந்துச்சு. நான் போகச் சொல்லல.